கூரையில் வெயில், சம்பந்தியின் தலையில் பனி

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.
தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய, எல்லாம் நல்லபடி நடந்தால் சம்பந்தி ஆகப்போகிற திரு. இரத்தினவேல் அவர்களுக்கு,

கோணேஸ்வரன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி சந்திரவதனாவும் மகள் நிசாந்தினியும் இங்கே சுகம். மிசிசாகாவில் நீங்களும் தவமலர் அக்காவும் உங்கள் மகன், மாப்பிள்ளைத் தம்பி பிரவீனனும் சுகமாக இருப்பீர்கள் என்று வழக்கம்போல எழுதிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போக இந்தமுறை எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கழுத்து எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே அறிய விரும்புகிறேன். இடப்பக்கம் திரும்புகிறதா? பட்டுச் சேட்டு காய்ந்துவிட்டதா? காதுக்குள் போன பனி முழுவதும் உருகி வந்துவிட்டதா, அல்லது இன்னும் கொஞ்சம் உள்ளே நிற்கிறதா? ஞாயிறு பின்னேரத்திலிருந்து நான் எடுக்கும் தொலைபேசி அழைப்புகளுக்கு நீங்கள் பதில் தராதபடியால், கடிதம் என்றால் பிரிக்காமல் எறியமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் பேனையைத் தேடி எடுத்திருக்கிறேன்.

கலியாணத்துக்கு நாள் வைக்க வந்தவர்கள் நீங்கள். நாள் வைக்காமல் போனீர்கள். போகும்போது காருக்குள் இருந்தபடி "பிறகு கதைப்பம்" என்றீர்கள். எங்கள் ஆட்கள் "பிறகு கதைப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் சொந்தத் தங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்த இரண்டு சொல்லோடுதான் போயின. நிசாந்தினி என்னோடு பேசுவதில்லை. தாயிடம் சொல்லி, தாய் வந்து என்னிடம் சொல்லுகிறாள், நான் ஒரே மேசையில் எதிரே இருக்கும்போதே. நீங்கள் கொண்டுவந்த தட்டு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் பனிக்குள்ளிருந்து பொறுக்கிவிட்டோம். வாழைப்பழச் சீப்பு மட்டும் கிடைக்கவில்லை. சித்திரையில் பனி கரைந்த பிறகுதான் அதற்கு ஒரு முடிவு தெரியும்.

ஒரு சம்பந்தி காரைவிட்டு இறங்குகிற நேரம் பார்த்து வீட்டுக்காரன் ஏன் கூரையில் இருந்த பனியைத் தடியால் இழுத்துவிட்டு நின்றான் என்று உங்கள் மனதில் ஒரு கேள்வி இருக்கும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு நாங்கள் டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடத்தில்தான் இருந்தோம். எனக்கு மேலே இருந்தது கூரை அல்ல, ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம். அவர்களுக்கு மேலே இன்னொரு குடும்பம். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்திலேயே இந்தச் சின்ன வீட்டை வாங்கியதும் முதல்முறையாக எனக்கென்று ஒரு கூரை வந்தது. கூரை வந்தால் மனிதன் என்ன செய்வான்? அண்ணாந்து பார்ப்பான். மாசி மாதத்தில் ஒருநாள் பார்க்கிறேன், வெயில் கண்ணைக் கூச வைக்கிறது, மூக்கோ விறைத்துப்போய் என்னுடையது போலவே இல்லை. இவ்வளவு வெயில் அடிக்கிறது, உடுப்பு காயவில்லை, வடகம் காயவில்லை, மனிதனுக்குச் சூடு இல்லை, அப்படியானால் இந்த வெயில் எல்லாம் எங்கேதான் போகிறது? இதைக் கோயிலில் நாலு பேரிடம் கேட்டேன். ஒருவர் எனக்கு விற்றமின் டி குளிசை எடுக்கச் சொன்னார்.

பிறகு, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிற பலகைகளைக் கூரையில் பூட்டுகிற ஒரு சோலர் கொம்பனியிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், எங்கள் பிள்ளைதான், இங்கே படித்தவள். குளிர்நாட்டில் இது சரிவருமா என்று கேட்டேன். "அங்கிள், இதுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு இல்லை. சூடு கூடினா உண்மையில குறைச்சுத்தான் தரும். குளிர் எண்டா இதுக்கு நல்ல விருப்பம்" என்றாள். குளிரை விரும்புகிற ஒரு சீவனை இந்த நாட்டில் நான் கேள்விப்பட்டது அன்றுதான். வெயில் என்றால் சூடு என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். வெளிச்சம் வேறு, சூடு வேறு என்று யாருமே என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கோடையில் இங்கே விடிய எழும்பும்போதே வெயில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயில். அந்த நீண்ட பகலில் மிஞ்சுகிற மின்சாரம் கம்பி வழியாகத் தெருவுக்குப் போகுமாம், போனது எங்கள் கணக்கில் நின்று குளிர்காலத்தில் திரும்பி வருமாம். தெருவுக்குப் போவதென்றால் யாருக்குப் போகும் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குத்தான் என்றாள். பக்கத்து வீட்டு மரியோ ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பில் மணிக்கணக்காக இறைச்சி வாட்டுகிற இத்தாலிக்காரர். என்னுடைய வெயில் அவருடைய அடுப்பில்! அன்று முழுவதும் எனக்கு அதே யோசனை.

இந்தப் புதினத்தை உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "உந்தக் குளிருக்குள்ள சூரியனோ? வெயில் வேணுமெண்டா யாழ்ப்பாணம் போம் ஐசே" என்றீர்கள். நான் உங்கள் தம்பி இருக்கிற ஜெர்மனியை எடுத்துவிட்டேன். ரொறன்ரோவைவிட அது எவ்வளவோ வடக்கே இருக்கிறது, வெயிலும் எங்களைவிடக் குறைவு, அங்கே கூரைக்குக் கூரை இந்தப் பலகைகள்தான் என்றேன். நீங்கள் "அவன் எனக்கு உதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்றீர்கள். குரலில் ஒரு வித்தியாசம் இருந்ததாக எனக்குப் பட்டது. அந்த உற்சாகத்தில்தான் நான் வாயைக் கொடுத்துவிட்டேன்: "நீங்கள் நாள் வைக்க வாற அண்டைக்கு, சூரியன் காய்ச்சின தேத்தண்ணி தாறன்." இந்த வாக்கை நான் கொடுக்காமல் இருந்திருந்தால், சம்பந்தி, இன்றைக்கு உங்கள் கழுத்து இருபக்கமும் திரும்பும்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் மிசிசாகா வீடு தெற்கு வாசல் என்று அறிந்த நாளிலிருந்து சந்திரவதனாவுக்கு முகம் சரியில்லை. "தெற்கு வாசலுக்குள்ள என்ர பிள்ளையை அனுப்பமாட்டன்" என்று ஒருமுறை சொன்னாள். அது எப்படியோ தவமலர் அக்காவின் காதுக்கும் வந்துவிட்டது என்று பிறகு அறிந்தேன். வாசலும் அதற்கு மேலே உள்ள கூரைச் சாய்வும் தெற்கே பார்க்கிற வீட்டைத்தான் இந்த நாட்டில் சூரியன் தேடித் திரிகிறது என்று அந்தக் கொம்பனிப் பிள்ளை சொன்னதை நான் சந்திரவதனாவிடம் சொன்னேன். நாங்கள் கிழக்கு வாசல்தான் வேண்டும் என்று எத்தனை நல்ல வீடுகளைக் கழித்துக் கட்டினோம்! தற்செயலாகத்தான் எங்கள் கூரையின் ஒரு சாய்வு தெற்கே, கார் நிற்கிற பாதைக்கு மேலே, அமைந்தது. உங்களுக்கோ வீடே அப்படி. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு "சூரியபகவான் அப்பிடிச் சொன்னா அது வேற கதை" என்றாள். ஆக, எங்கள் பக்கத்தில் இருந்த ஒரேயொரு தடையும் இந்தச் சோலரால்தான் நீங்கியது என்பதை நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, பலகைகள் வந்தன. கார் வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைக்கிற ஆட்கள் நாங்கள்; வீட்டுக் கூரைக்கு ஏறப்போகிற சாமானை அப்படியே ஏறவிடுவோமா? வேலைக்காரர்களுக்குத் தேத்தண்ணி போட நான் உள்ளே போன நேரம், சந்திரவதனா வெளியே பலகைகளுக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, செய்ய வேண்டியது எல்லாம் செய்தாளாம். பலகைகள் ஏறின. என் போனில் ஒரு செயலியும் ஏற்றித் தந்தார்கள். அதில் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சின்னப் பெட்டி. நன்றாக வேலை செய்தால் பச்சை, சோம்பினால் மஞ்சள். சம்பந்தி, நான் தொலைக்காட்சி நாடகம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு முகில் வந்தால் எல்லாம் மங்கும், முகில் போனால் எல்லாம் எழும்பும். மழைக்காலத்து மூடுபனியிலும் கொஞ்சம் தரும். தெருவெல்லாம் பனி கிடந்தால் அந்த வெள்ளையில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளுமாம். இது பெரிய புத்திசாலிச் சாமான்.

ஆனால் ஒரு மூலைப் பலகை மட்டும் எந்நேரமும் மஞ்சள். மற்றதெல்லாம் ஓடி ஓடி உழைக்க, அது மட்டும் ஒதுங்கி நின்றது. அணில் கடித்ததா என்று பார்த்தேன். புகைபோக்கியின் நிழலா என்று பார்த்தேன். கடைசியில் மரியோவின் கூரையில் நத்தாருக்கு ஊதி வைத்திருந்த பெரிய சான்ரா அப்பாதான் சரிந்து நின்று நிழல் போடுகிறார் என்று முடிவு கட்டி, அவரிடமே போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், நத்தார் முடிய முன்னமே சான்ராவின் காற்றைத் திறந்துவிட்டார்; அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று அழுதன. அதன் பிறகும் அந்தப் பலகை மஞ்சள்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதல்நாள் இரவு முழுக்கப் பனி கொட்டியது. விடிய எழும்பிப் போனைப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் கறுப்பு. கூரை முழுவதும் ஒரு பெரிய வெள்ளைப் போர்வை. வெளியே முகில் துண்டு ஒன்றுகூட இல்லாத வெயில், நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள், நான் தேத்தண்ணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கம்பி வழியாகத் தெருவிலிருந்து வருகிற மின்சாரத்தில் கேத்திலைப் போட்டுவிட்டுச் சூரியன் காய்ச்சியது என்று உங்களுக்குப் பொய் சொல்லலாம் என்று சந்திரவதனா சொன்னாள். சம்பந்திக்கு முதல் தேத்தண்ணியிலேயே பொய்யா என்று நான் மறுத்துவிட்டேன். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற நீளத்தடியின் நுனியில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைக் கட்டி, ஊரில் மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடி போல ஒன்று செய்துகொண்டு, கார்ப் பாதையின் பின்பக்கம் நின்று கூரை விளிம்பில் இருந்த பனியை இழுத்தேன். கொஞ்சம்தான் வந்தது. ஒரு பலகையின் அடிப்பக்கம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. கை வலித்துத் தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம்தான் உங்கள் கார் வந்தது. நான் ஒரு கையால் "வாங்கோ, வாங்கோ" என்று காட்டினேன். மற்றக் கையில் போன். காரை ஓட்டி வந்த பிரவீனன் ஒரு பக்கத்தாலும் தவமலர் அக்கா மற்றப் பக்கத்தாலும் இறங்க, நீங்கள் தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டு, கூரைக்கு நேர் கீழே வந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்து, "எங்கயாம் உம்மட சூரியன்?" என்று கேட்டீர்கள். இப்போதுதான் எனக்கு விளக்கம் கிடைத்திருக்கிறது: கண்ணாடியின் ஒரு துண்டு வெளியே தெரிந்தால் போதுமாம், அதில் வெயில் பட்டுச் சூடேறி, மேலே இருக்கிற பனிக்கு அடியில் நீர் விட்டு, முழுப் போர்வையும் ஒன்றாக வழுக்கும். நான் இழுத்ததால் அது விழவில்லை. நான் நிறுத்திய பிறகு சூரியன் இழுத்ததால் விழுந்தது. இந்த வேறுபாடு உங்களுக்கு ஆறுதல் தருமோ தெரியாது. சர்ரென்று ஒரு சத்தம். நான் நிமிர்ந்து பார்க்க முதல், என் கையில் போன் பச்சையாகிவிட்டது. ஒவ்வொன்றாக அல்ல, அந்த மூலைப் பெட்டியைத் தவிர எல்லாம் ஒரே அடியாக.

நான் "அடிச்சுது! முழுக்கப் பச்சை!" என்று கத்திவிட்டேன்.

சம்பந்தி, இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு கத்தலுக்காகத்தான். பனி விழுந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பனி விழுகிற நாடு இது. ஆனால் தலை மூழ்கப் பனிக்குள் நிற்கிற ஒரு மனிதரின் காதில் முதல் விழுந்த வார்த்தை, தன் வருங்காலச் சம்பந்தியின் சந்தோசக் கூச்சல். நிமிர்ந்து பார்க்கிறேன், நீங்கள் நின்ற இடத்தில் நீங்கள் இல்லை, ஒரு வெள்ளைக் குவியலும் அதற்கு மேலே தட்டைப் பிடித்த இரண்டு கைகளும்தான். தட்டை நீங்கள் கடைசிவரை விடவில்லை. உங்களைப் பற்றிய என் மதிப்பு அந்த நிமிடத்தில் எவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. நிசாந்தினி ஓடி வந்தாள். "அப்பா, யூ சியர்ட்! அவர் பனிக்குள்ள நிக்கிறார், நீங்கள் சியர் பண்ணுறீங்கள்!" என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசி வசனம். பிரவீனனும் மரியோவும் பனி அள்ளுகிற சவளால் வெட்டி உங்களை வெளியே எடுத்தார்கள். உள்ளே அழைத்துப்போய்ப் போர்வை சுற்றி, சந்திரவதனா தேத்தண்ணி தந்தாள். நீங்கள் ஒரு மிடறு குடித்தீர்கள். அது உண்மையாகவே சூரியன் காய்ச்சியதுதான், நான் போனில் பார்த்தேன், ஆனால் அதைச் சொல்ல அது நேரம் இல்லை என்பதுகூட எனக்கு விளங்கியது. பிறகு நீங்கள் எழுந்து வெளியே போய், கூரையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினீர்கள்.

உங்களை வெட்டி எடுக்கும்போது பிரவீனன் ஒன்று கண்டுபிடித்தான். "அங்கிள், அந்த மூலையில என்ன ஒட்டியிருக்கு?" என்று கேட்டான். பனி போன பலகையில், மூலைப் பலகையில், கீழே நின்று பார்த்த என் கண்ணுக்கு இத்தனை நாளும் படாத, காரின் பின்கண்ணாடிக்கு ஒட்டுகிற பெரிய பிள்ளையார் ஸ்ரிக்கர்! கற்பூரம் காட்டிய அன்று சந்திரவதனா ஒட்டியிருக்கிறாள். "வீட்டுக்கு வாற எந்தச் சாமானுக்கும் பிள்ளையார் இல்லாமல் தொடங்குறதோ?" என்கிறாள். கொம்பனிப் பிள்ளையைக் கேட்டேன். பலகைக்குள் கண்ணறை கண்ணறையாகக் கோத்திருக்கிறார்களாம். ஒரு கண்ணறையை மறைத்தால் அதோடு சேர்ந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடுமாம். வெயில் குறைவும் இல்லை, குளிரும் இல்லை, பாவம் சான்ராவும் இல்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி, விடை கிடைத்ததே என்று. ஸ்ரிக்கரை உரிப்பது யார் என்பதுதான் இப்போது பிரச்சினை. "சம்பந்திக்கு எலும்பு ஒண்டும் முறியாமல் காப்பாத்தினது ஆர் எண்டு நினைக்கிறியள்?" என்று சந்திரவதனா கேட்கிறாள். அந்தப் பலகையைப் பிள்ளையாரின் பங்கு என்று விட்டுவிட்டேன்.

இனி உங்கள் முடிவுக்கு வருகிறேன். நிசாந்தினி எங்களுக்கு ஒரே பிள்ளை. பிரவீனனைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தில் வருகிற சிரிப்பை நான் இதுவரை வேறு எதற்கும் கண்டதில்லை. அந்தச் சிரிப்பு எதையும் துருவித் துருவிப் பார்க்கிற என் விடுப்புக் குணத்தால் போய்விட்டது என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆகவே மனப்பூர்வமாக எழுதித் தருகிறேன். அந்தச் செயலியைப் போனிலிருந்து இன்று காலை அழித்துவிட்டேன். இனிமேல் கூரையை அண்ணாந்து பார்க்கமாட்டேன். நீங்கள் சொன்னால் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். சூரியனைப் பற்றி உங்களிடம் இனி ஒரு வார்த்தை கதைக்கமாட்டேன். கலியாண மேடையிலும் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பேசாமலே நிற்கலாம். கலியாண நாளை மட்டும் வைத்துத் தாருங்கள்.

தவமலர் அக்காவுக்கு எங்கள் அன்பு. தம்பி பிரவீனனுக்கு ஆசீர்வாதமும், சவள் பிடித்த கைக்கு நன்றியும். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், கழுத்து நோவு இல்லாமல், நீடூழி வாழ எங்கள் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி விடைபெறும்,

உங்கள் சம்பந்தி என்று கையொப்பமிட அனுமதிக்காகக் காத்திருக்கும்,
கோணேஸ்வரன்.

பி.கு.: கடித உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது கார்ப் பாதையில் சத்தம் கேட்டு யன்னலால் பார்த்தேன். நீங்கள்தான்! பட்டுச் சேட்டு, தோளில் சால்வை, தலையில் கட்டட வேலைக்காரர் போடுகிற மஞ்சள் ஹெல்மெற். நிசாந்தினி கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள். நீங்கள் அவளிடம், "பிள்ளை, நான் இரவிரவா ஜெர்மனிக்குக் கதைச்சனான். அங்க என்ர தம்பியாரிட்ட உந்தப் பலகை பதினாலு வருசமா கூரையில கிடக்காம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை, பாத்தியே? உன்ர கொப்பரைக் கூப்பிடு. பஞ்சாங்கத்தில ஆனியில மூண்டு நாள் நல்லாக் கிடக்கு. அதில எந்த நாள் வெயில் கூட எண்டு அவர்ர போனில பாத்துச் சொல்லட்டும், அதையே வைப்பம்" என்று சொல்லுவது எனக்கு இங்கே கேட்கிறது. பிள்ளை சிரிக்கிறாள். மேலே நான் எழுதித் தந்த எதையும் தயவுசெய்து வாசிக்க வேண்டாம். செயலியைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பாதி ஏறிவிட்டது, இதோ வாறன். நேற்றும் பனி கொட்டினது, சம்பந்தி. கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கோ.